ஸ்டெல்லா எழுந்து நிற்கும்போது

திரையில் ஒரு முகம் உறையும்போது அது நல்ல நொடியாகப் பார்த்து உறைவதில்லை. பொற்செல்வியின் முகம் எப்போதும் ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கமாக இழுபட்ட நிலையில்தான் நின்றது. "அப்போ இந்தச் சுருளுக்குள்ள காந்தத்தை வேகமா நகர்த்தினா..." என்று ஆரம்பித்த வாக்கியம் அப்படியே அறுந்துவிடும். மறுமுனையில் பிள்ளைகள் காந்தம் என்ன ஆயிற்று என்று காத்திருப்பார்கள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு அந்த முகத்தைப் படம் பிடிப்பார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று 'மிஸ் லோடிங்' என்ற வரியோடு ஸ்டிக்கராகி, கை தவறி வகுப்புக் குழுவிலேயே வந்து விழுந்தது. அனுப்பிய பையன் பதறிப்போய் அழித்துவிட்டான். பொற்செல்வி பார்த்துவிட்டாள். பார்க்காதது போலவே அடுத்த கணக்கைப் போட்டாள். காது மட்டும் வெகுநேரம் சுட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவ நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று, வீட்டிலிருந்து மறுபடி படிக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் இயற்பியல் நடத்துவது அவள் வேலை. காலை வகுப்புதான் முக்கியமான வகுப்பு. அந்த நேரத்தில்தான் இணையம் விழுந்தது. "இன்னொரு புகார் வந்தா பேட்ச்சை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதாயிடும் மேடம்" என்று பயிற்சி நிறுவனத்திலிருந்து மென்மையாகவே சொன்னார்கள். மென்மையாகச் சொன்னதால் அது இன்னும் கூசியது.

வீடுகளுக்கு 'விழி' வந்து சில வருடம் ஆகியிருந்த காலம் அது. பழைய ரூட்டர் இணையத்தை மட்டும் கொடுத்தது. விழி வீட்டையும் பார்த்துக்கொண்டது. அதற்குக் கேமரா கிடையாது. ரூட்டரிலிருந்து கிளம்பும் வானொலி அலை சுவரில் படுகிறது, பீரோவில் படுகிறது, மனிதர்கள் மேலும் படுகிறது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அலை நம்மேல் பட்டால் நன்றாகவே கலைந்து திரும்பும். கலைந்து திரும்பும் விதத்தை வைத்து வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே நிற்கிறார்கள், யாராவது குளியலறையில் வழுக்கி விழுந்தார்களா என்று அது கண்டுபிடித்துவிடும். முதல் நாள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் அறை அறையாக நடந்து காட்ட வேண்டும். நடையைப் படித்து வைத்துக்கொள்ளும். பழக்கமில்லாத உடம்பு உள்ளே வந்தால் கைபேசியிலும் கீழே வாட்ச்மேன் அறையிலும் மணி அடிக்கும்.

அதைப் பொருத்திய நாளில் பொற்செல்வி சின்னப் பிள்ளைபோல் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடந்து நடந்து பார்த்து, கணவன் மாசிலாமணிக்கு அலை திரும்பும் விதத்தைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அவன், "செல்வி, எனக்கு எந்த பட்டன்னு மட்டும் சொல்லும்மா" என்றான். எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அவளால் அதன் பக்கத்தில் உட்கார முடியாது. மிக்சி ரிப்பேருக்குப் போனால்கூட கடைக்காரர் திறக்கும்வரை நின்று பார்ப்பாள்.

ஆகவே விழி மக்கர் செய்தபோது அவள் முறையாகவே தேடினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் காரணம் தெரியும். பிள்ளைகளுக்கு அவள் ஓயாமல் சொல்வது இது. முதலில் அணைத்துப் போட்டாள். பிறகு டிவிக்குப் பின்னால் இருந்ததை அலமாரி உச்சிக்கு ஏற்றினாள். அடாப்டரை மாற்றினாள். வெளியிலிருந்து வரும் கேபிளை மாற்றச் சொன்னாள். பக்கத்து வீட்டு அலைவரிசைகளோடு மோதாமல் வேறு அலைவரிசைக்கு நகர்த்தினாள். மைக்ரோவேவ் அடுப்பை ஒரு வாரம் தொடவே இல்லை. எதுவும் நடக்கவில்லை. காலை வகுப்பின் நடுவில் பச்சை விளக்கு ஆரஞ்சாகும், பிறகு சிவப்பாகும், பிறகு தானாக அணைந்து தானாக எழுந்திருக்கும்.

ஒருநாள் முழுக்க அது விழவே இல்லை. மாற்றியது ஒன்றுமில்லையே என்று யோசித்தவளுக்கு, ஒன்று மாறியிருந்தது அப்புறம்தான் உறைத்தது. அன்று ஸ்டெல்லா லீவு.

ஸ்டெல்லா செம்மஞ்சேரியிலிருந்து வருபவள். அந்த பிளாக்கில் நாலு வீட்டில் வேலை பார்த்தாள். பொற்செல்வியைவிட நாலைந்து வயது பெரியவள். உயரம், சுறுசுறுப்பு, வாய் ஓயாது. மற்ற வீடுகளில் அவளை நீ, வா, போ என்றார்கள். பொற்செல்வி மட்டும் 'நீங்க' என்று பேசினாள். அதில் தனக்கே கொஞ்சம் பெருமை.

"ஸ்டெல்லா, தூசி தட்டும்போது ரூட்டர் ஒயர் எதுவும் இழுபடுதா?"

"நான் இன்னாத்துக்கு டீச்சர் அதைத் தொடப் போறேன்? அது மேல ஏத்தினதுலேந்து எனக்கு எட்டவே எட்டாது."

"சும்மா கேட்டேன். இன்னைக்கு ஹாலுக்கு வராம கிச்சன் வேலை மட்டும் பாருங்க."

ஹாலுக்கு வராமலே விழுந்தது. அடுத்த நாள் பொற்செல்வி வகுப்பைத் தொடங்கும் முன்பே சோதனையை ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் உட்காருங்க ஸ்டெல்லா."

"எதுக்கு டீச்சர்?"

"சும்மா உட்காருங்களேன்."

ஸ்டெல்லா சமையலறைத் தரையில் காலை மடித்து உட்கார்ந்தாள். ஆரஞ்சு விளக்கு கொஞ்ச நேரத்தில் பச்சையானது. எழுந்து நிற்கச் சொன்னாள். நின்று பாத்திரம் தேய்க்க ஆரம்பித்ததும் பச்சை மறுபடி ஆரஞ்சானது. உட்காரச் சொன்னாள், பச்சை. நிற்கச் சொன்னாள், ஆரஞ்சு.

"இன்னா டீச்சர், பள்ளிக்கூடத்துல தோப்புக்கரணம் போட்ட மாரி கீது" என்று ஸ்டெல்லா சிரித்தாள். பொற்செல்வி சிரிக்கவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துவிட்ட வைத்தியர் போல இருந்தது அவளுக்கு. காரணம் இந்த ஆளிடம்தான் இருக்கிறது. ஆளிடம் என்றால் ஆள் வைத்திருக்கும் ஏதோ ஒன்றில்.

"உங்க ஃபோனை வெளில வெச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தாள். அப்போதும் விழுந்தது.

"பையில என்ன வெச்சிருக்கீங்க?"

ஸ்டெல்லாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. பையைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு டிபன் டப்பா, ஜெபமாலை, சர்க்கரை மாத்திரை அட்டை, பேத்திக்கு வாங்கிய வளையல் ஒரு ஜோடி, மடித்து வைத்த துவாலை. பொற்செல்வி ஒவ்வொன்றையும் விரல் நுனியால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். டிபன் டப்பாவைத் திறந்தும் பார்த்தாள். புளிச்சோறு.

"இடுப்புலயும் பாக்கணுமா டீச்சர்?"

"ஐயோ, நான் அப்படியெல்லாம் நினைக்கல ஸ்டெல்லா. இதுல ஒரு விஞ்ஞானம் இருக்கு..."

"இருக்கட்டும்" என்று ஸ்டெல்லா எல்லாவற்றையும் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை மாசிலாமணி கேட்டவுடனே தீர்த்து வைத்தான். "உனக்கு கிளாஸ் முக்கியமா, பாத்திரம் முக்கியமா? நிறுத்திடு. யார் என்ன எலக்ட்ரானிக் சாமானை இடுப்புல வெச்சிட்டு வர்றான்னு நமக்கென்ன தெரியும்?" பொற்செல்வி போனில் ஸ்டெல்லாவிடம், கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னாள். பிறகு பிளாக் பெண்கள் குழுவில் நாகரிகமாக ஒரு வரி எழுதினாள்: 'ஸ்டெல்லா வேலை செய்யும் வீடுகளில் இணையம் விழுகிறதா என்று ஒருமுறை கவனித்துக்கொள்ளுங்கள்.'

எதிர்வீட்டு சுகந்திதான் முதலில் பதில் போட்டாள். 'எங்க வீட்லயும்! நான் ஆபீஸ்ல இருப்பேன், அதனால கவனிக்கல. இப்பப் பார்த்தா தினமும் அவ வர்ற நேரம்தான்.' மற்ற இரண்டு வீடுகளும் அதையே சொன்னார்கள். ஒரே வாரத்தில் ஸ்டெல்லாவுக்கு அந்த பிளாக்கில் ஒரு வீடும் இல்லாமல் போயிற்று. காலை வகுப்புகள் தங்குதடையில்லாமல் நடந்தன. பொற்செல்விக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. என்ன நடந்தது என்று தெரிந்ததே ஒழிய, எப்படி நடந்தது என்று தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து நின்றால் ஒரு ரூட்டர் ஏன் விழ வேண்டும்? அது தெரியாமல் தூக்கம் பிடிக்கவில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில், பழையதை எடுத்துக்கொண்டு புது மாடலே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள்.

ரூட்டரை மாற்ற வந்த இம்தியாஸ் கதவுக்கு வெளியிலேயே நின்றான். முப்பது வயது இருக்கும். வாசல் வழியே கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தான்.

"ஜிம்மியக் கட்டிப் போட்டுட்டீங்களா மேடம்?"

"எந்த ஜிம்மி?"

"உங்க நாய்தான் மேடம். எனக்கு நாய்னா கொஞ்சம்... போன மாசம் ஒரு வீட்ல கடி வாங்கிட்டேன்."

"எங்க வீட்ல நாய் கிடையாதுங்க. இந்த பிளாக்லயே நாய் வளர்க்கக் கூடாது."

"அதான் கீழ போர்டு பார்த்தேன்" என்று அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். "ஆனா இங்க பாருங்க. ஆட்கள் ரெண்டு பேர், நீங்களும் சாரும். செல்லப்பிராணி ஒண்ணு, ஜிம்மி. உங்க வீடு மட்டும் இல்ல, இந்த பிளாக்ல முக்கால்வாசி வீட்டுக்கு ஒரு நாய் காட்டுது. லிஃப்ட்ல வரும்போதே பயந்துட்டுதான் வந்தேன்."

பொற்செல்வி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். ஜிம்மி காலையில் வருகிறது. வகுப்பு முடியும்போது போகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. சில நாட்களாக வரவே இல்லை.

நாய் எங்கே காலையில் வந்து வேலை நேரம் முடிந்ததும் போகும்? அவளுக்குப் புரிந்துவிட்டது. உண்மையில் முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். எப்படி என்பது கடைசியில் கிடைத்துவிட்ட சந்தோஷம். அவள் வாய் தன்பாட்டில் விளக்க ஆரம்பித்தது.

"உள்ள வாங்க, உட்காருங்க. அதாவது, இது எப்படின்னா... டீக்கடையில ஒரே ஒரு மாஸ்டர் இருக்காருன்னு வெச்சுக்குங்க. டீ ஆத்துறதும் அவர்தான், கல்லாவுல காசு வாங்கிப் போடுறதும் அவர்தான். வழக்கமான நோட்டா இருந்தா வாங்கிப் போட்டுட்டு டீயைப் பார்ப்பாரு. யாரோ சந்தேகமான நோட்டைக் குடுத்தா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பாரு, தடவிப் பார்ப்பாரு, மறுபடியும் பார்ப்பாரு. அதுக்குள்ள டீ பொங்கிடும். இந்த ரூட்டரும் அப்படித்தான். நெட் குடுக்கறதும் அதே அலைதான், ஆளை அளக்கறதும் அதே அலைதான். அளக்கறதுல சந்தேகம் வந்தா மொத்த அலையும் அங்கேயே போயிடும்."

"கரெக்ட் மேடம். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு அப்டேட் போச்சு. வயசானவங்க விழுந்தா தெரியணும்னு அளவெடுக்கறத நுணுக்கமாக்கினாங்க. அதுக்கப்புறம்தான் ஊர் பூரா இந்த கம்ப்ளெயின்ட்."

"அதேதான்! அதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு அசையுது, நாய்தான்னு விட்டிருக்கும். இப்போ உத்துப் பார்க்குது. நாய்னு எழுதி இருக்கு, ஆனா ரெண்டு கால்ல நிக்குது. நின்னுக்கிட்டே இருக்கு. மேல் அலமாரிக்குக் கை போகுது. குழாயைத் திறக்குது. அப்போ அதுக்குச் சந்தேகம் வருது, மறுபடி மறுபடி அளக்குது, நெட் செத்துப்போகுது. கீழ தரையில உட்கார்ந்துட்டா உடனே அமைதியாயிடுது. ஏன்னா உட்கார்ந்தா அது நாயோட..."

அங்கே நிறுத்திக்கொண்டாள்.

மாசிலாமணி ஹாலில் உட்கார்ந்து பெயர்களைப் பதிவு செய்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வெளியாள் மணி தினமும் காலையில் அடித்து உயிரை வாங்கியது. 'வேலையாள்' என்று பதிவு செய்யலாம்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் அந்த ஆள் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தையெல்லாம் விழியே தொழிலாளர் வாரியத்துக்கு அனுப்பும். சம்பளம் மணிக்கணக்கில் தர வேண்டும், லீவு தர வேண்டும், வழுக்கி விழுந்தால் பொறுப்பேற்க வேண்டும். சட்டம் அப்படி வந்திருந்தது. குழுவில் சுகந்தி ஒரு யோசனை போட்டாள். 'செல்லப்பிராணி'யின் கீழ் போட்டுவிட்டால் மணியும் அடிக்காது, கணக்கும் போகாது. மாசிலாமணி அதைப் படித்துவிட்டு, "ஸ்டெல்லாவை நாய்க்குட்டியாக்கிட்டேன், பிரச்சினை தீர்ந்துது" என்று சமையலறைப் பக்கமாகக் கத்தினான். "சீ, என்னங்க நீங்க" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு மறந்தும் போனாள்.

அடாப்டரைச் சந்தேகப்பட்டாள், கேபிளைச் சந்தேகப்பட்டாள், புளிச்சோற்றைச் சந்தேகப்பட்டாள். இது நினைவுக்கே வரவில்லை.

இம்தியாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் மெதுவாக விளங்கியது. "புது மாடல்ல ஒரு குறிப்பு போட்டிருந்தாங்க மேடம். 'செல்லப்பிராணி இரண்டு காலில் நின்றாலும், உயரமான பொருளை எடுத்தாலும், தண்ணீரைத் திறந்தாலும் தடங்கல் வராது'ன்னு. நான் படிச்சுட்டு, சென்னையில நாய்ங்களுக்கு இந்த அளவுக்கா ட்ரெயினிங் குடுக்கறாங்கன்னு சிரிச்சேன்."

"கம்பெனிக்குத் தெரியும்."

"தெரியும் போல. ஜனங்ககிட்டப் போய், ஆளை ஆளுன்னு போடுங்கன்னு சொன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்கல்ல." அவன் புது ரூட்டரைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. "பழைய செட்டிங்ஸ் எல்லாம் தானா ஏறிடுச்சு. ஜிம்மியும் வந்துடுச்சு. மாத்திடட்டுமா மேடம், ஆளுன்னு?"

சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். பொற்செல்வி, "கணக்கு அவர் பேர்ல இருக்கு. அவர் வரட்டும்" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, பழைய ரூட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொடுத்த காபியைக் குடிக்காமலே போனான்.

மாசிலாமணி வந்து காலணியைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். அவன் கொஞ்சம் வெலவெலத்தான். உடனே சமாளித்துக்கொண்டான்.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே செல்வி. நாம மட்டும் என்ன கொலையா பண்ணிட்டோம்?"

"அவ பையைக் கொட்டிப் பார்த்தேங்க."

"அது நீ பண்ணது. நான் பார்க்கச் சொல்லல."

"நாலு வீடும் போச்சு அவளுக்கு."

"சரி, குழுவுல எழுது. தப்பு ரூட்டர்ல, ஸ்டெல்லா மேல ஒண்ணும் இல்லன்னு எழுது. பொய்யா அது? உண்மைதானே? எல்லாரும் திரும்பக் கூப்பிட்டுப்பாங்க. நாய், பூனைன்னு ஆரம்பிச்சேன்னு வெச்சுக்க, சுகந்தி உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டா. பிளாக் பூரா நம்மளைத் திட்டும்."

அவன் சொன்னபடியே அவள் எழுதினாள். 'பழைய மாடல் ரூட்டரில் ஒரு கோளாறு. புது மாடலில் சரி செய்துவிட்டார்கள். ஸ்டெல்லா மேல் எந்தத் தவறும் இல்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும்.' கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'நீங்க கண்டுபிடிக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது டீச்சர்' என்று சுகந்தி இதயம் போட்டாள். பொய் என்று ஒரு சொல்கூட இல்லாத அந்தச் செய்தியைப் பொற்செல்வி திரும்பத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது.

ஸ்டெல்லா வந்தாள். எப்போதும் போல் செருப்பை வெளியே விட்டு, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். வழக்கமான பேச்சு மட்டும் இல்லை. பொற்செல்வி வகுப்பைத் தொடங்கினாள். சமையலறையில் தண்ணீர் ஓடியது, தட்டுகள் மேல் அலமாரியில் ஏறின, பச்சை விளக்கு அசையவே இல்லை. காந்தம் சுருளுக்குள் போய், மின்சாரம் பிறந்து, பல்பு எரிந்து, ஒரு பெண், "மிஸ், இப்பதான் மிஸ் புரியுது" என்றாள். அந்த மாதிரி வகுப்பு நடத்திப் பல மாதம் ஆகியிருந்தது. பொற்செல்வி மடிக்கணினியை மூடிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஒருதடவையாவது சிவந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"இன்னா கோளாறு டீச்சர்?"

"ரூட்டர்ல கோளாறு. அதான் மாத்திட்டாங்க."

"அது சுகந்தியம்மாவும் போன்ல சொன்னாங்க. ரூட்டர்ல இன்னா கோளாறு?"

"சாஃப்ட்வேர்னு ஒண்ணு..."

"என் பையக் கொட்டிப் பாத்தீங்களே, அன்னிக்கு அந்த சாஃப்ட்வேர் எங்க இருந்துச்சு?"

பொற்செல்வி மூடிய மடிக்கணினியை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

"கோவமா கேக்கல டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா. குரலில் கோபம் இருக்கத்தான் செய்தது. "பசங்களுக்கு எம்மாம் பொறுமையா சொல்றீங்க. உள்ள தேச்சிக்கினே கேட்டுக்கினு இருப்பேன். காந்தம் இன்னா, கரண்டு இன்னான்னு எனக்கே பாதி புரியும். வூட்ல என் மருமகன், இன்னா திருடினேன்னு நாலு வூட்லயும் ஒண்ணா தொரத்தினாங்கன்னு கேட்டான். அவனுக்கு நான் இன்னா சொல்றது? நீங்க புரியற மாரி சொன்னா நானும் போய்ச் சொல்லுவேன்."

இதுவரை யார் கேட்டும் பொற்செல்வி விளக்க மாட்டேன் என்றது கிடையாது. கேட்காதவர்களைக்கூடப் பிடித்து உட்கார வைத்து விளக்கியிருக்கிறாள். இன்று முதல்முறையாக அவளுக்கு விளக்கப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு இவளைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை என்பதும் தெரிந்தது.

"உட்காருங்க ஸ்டெல்லா" என்றாள். சொன்ன மறுகணம் அந்தச் சொல்லே சுட்டது. "இல்ல, நில்லுங்க. நானும் நிக்கறேன்."

எழுந்து நின்று முதலிலிருந்து சொன்னாள். அலை எப்படிக் கிளம்புகிறது, உடம்பில் பட்டு எப்படித் திரும்புகிறது, வீட்டு ஆட்களை எப்படிப் பதிகிறார்கள். பதியாத ஆள் வந்தால் மணி அடிப்பதைச் சொன்னாள். அந்த மணி அடிக்காமல் இருக்க என்ன செய்தார்கள் என்பதையும் சொன்னாள். அந்த இடத்தில் 'செல்லப்பிராணி' என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "நாய்னு பதிஞ்சு வெச்சிட்டோம்" என்றே சொன்னாள்.

ஸ்டெல்லா துவாலையில் கை துடைப்பதை நிறுத்தினாள். "யாரை?"

"உங்களை."

ஸ்டெல்லா ரூட்டரின் பச்சை விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ குந்தினா பச்ச, நின்னா ஆரஞ்சுன்னு காட்டினீங்களே..."

"ஆமா."

"நான் எழுந்து நின்னதுதான் அதுக்குத் தாங்கல."

பொற்செல்வி தலையை மட்டும் அசைத்தாள்.

"ஆளுன்னே போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

மணிக்கணக்கு, லீவு, வாரியம் எல்லாவற்றையும் பொற்செல்வி சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. ஸ்டெல்லா "ஓ" என்றாள். எதிர்பார்த்த அழுகையோ கத்தலோ வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேர் இன்னா வெச்சீங்க?"

"ஸ்டெல்லா, நான் இப்பவே அவர்கிட்ட பாஸ்வேர்ட் கேட்டு மாத்திடறேன். இதோ இப்பவே..."

"அத்த மெதுவா பண்ணுங்க. பேர் இன்னா வெச்சீங்க, அத்தச் சொல்லுங்க."

"ஜிம்மி."

ஸ்டெல்லா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரோ ஊர் பேர் தெரியாத ஆளின் பெயரைச் சொல்லிப் பார்ப்பது போல.

"நாலு வூட்லயும் அதே பேரா? இல்ல, ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு வெச்சாங்களா?"

"எனக்குத் தெரியாது ஸ்டெல்லா."

"கேட்டுப் பாக்கலாம்" என்று ஸ்டெல்லா துவாலையை நாற்காலி முதுகில் போட்டாள். வெளியே போய்ச் செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் வாங்க டீச்சர். நான் கேட்டா, இது இன்னா உளறுதுன்னு சொல்லிடுவாங்க. நீங்க சொன்னாதான் அவங்களுக்குப் புரியும்."

பொற்செல்வி வாசற்படியில் நின்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இன்னும் நேரம் இருந்தது. எதிர்வீட்டுக்குள் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. அவள் நாலடி நடந்து போய் ஸ்டெல்லாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. சுகந்தி தலையில் துண்டைச் சுற்றியபடி சிரித்தாள். "அட, ஸ்டெல்லா! வந்துட்டியா? நல்லவேளை, சிங்க் பூரா அப்படியே கிடக்கு. வாங்க டீச்சர், நீங்களும் வாங்க. என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து?"

ஸ்டெல்லா ஒதுங்கிப் பொற்செல்விக்கு வழிவிட்டாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பொற்செல்வி யோசித்தாள். அலையிலிருந்தா, டீக்கடையிலிருந்தா? பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேட்டாள்.

"சுகந்தி, உங்க வீட்டு நாய்க்கு என்ன பேர்?"